வானம் பார்த்த தகடு

மார்ச் 4, செவ்வாய்

வேலையில் சேர்ந்தாயிற்று. வாசலில் ‘தொழில்துறை இணைப்பு மையம்’ என்று பித்தளைப் பலகை. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுற்ற மறுக்கும் மின்விசிறி. இந்தப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதைக் கம்பெனிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. ஏதாவது கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களா என்பதே என் முதல் சந்தேகம்.

மையத்தின் இயக்குநர் சிதம்பரநாதன் சார் எனக்குச் சால்வை போர்த்தினார். சேலம் வெயிலில், முதல் நாளே, கம்பளி மாதிரி ஒரு சால்வை. "பரணிதரன் ஏசி கம்பெனியில இருந்தவரு, நமக்கெல்லாம் குளுகுளுன்னு ஏதாவது செய்வாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எழுதி வைக்கிறேன்: பெங்களூரு கம்பெனியில் கேட்டிருக்கும் வேலைக்கு ஆணை வரும்வரைதான் இங்கே. வந்ததும் கிளம்பிவிடுவேன்.

மார்ச் 6, வியாழன்

துறை துறையாகச் சுற்றினேன். பேராசிரியர்களுக்கு ‘இன்னும் ஒரு ரீடிங்’ என்று ஒரு வியாதி. எப்போது முடியும் என்று கேட்டால் இன்னும் ஒரு ரீடிங். வேதியியலில் ஒருவர் மட்டும் முடித்துவிட்டதாகச் சொன்னார்.

"இதனால என்ன பயன் சார்?" என்றேன்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான தம்பி உங்கள வேலைக்கு எடுத்திருக்கோம்?"

பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இயற்பியல் துறையில் டாக்டர் ஜெபசெல்வி என்று ஓர் உதவிப் பேராசிரியர். நாகர்கோவில்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். அறையில் இல்லை, மொட்டை மாடியில் இருப்பார் என்றார்கள். உச்சி வெயிலில் ஏறினேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு தெர்மகோல் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் வெள்ளை பூசிய தகரத் தகடு. மேலே மளிகைக் கடைப் பிளாஸ்டிக் கவரை இழுத்து ஒட்டியிருந்தார். இதைப் பார்க்கவா மூன்று மாடி ஏறினேன் என்று எரிச்சலாக வந்தது.

"என்ன பெயின்ட் மேடம்? கடையில கிடைக்கிற கூல் ரூஃப் மாதிரியா? அது கொஞ்சம் கம்மியாச் சுடும், அவ்வளவுதான்."

"இது சுடாது."

"கம்மியாச் சுடும்னு சொல்லுங்க."

"சுடாது. காத்தவிடக் குளிர்ந்து இருக்கும். எதுக்கு வீண்பேச்சு? கவரத் தூக்கிட்டு உள்ள கைய வச்சுப் பாருங்க."

நான் படித்தது வெப்பப் பொறியியல். இரண்டு வருடம் ஏசி கம்பிரசர் செய்தவன். மின்சாரம் செலவழிக்காமல், வெயிலில் கிடக்கும் ஒரு பொருள் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிராது. அப்படிச் சொன்னால் தேர்வில் எனக்கு முட்டைதான் போட்டிருப்பார்கள்.

கையை வைத்தேன்.

குளிர்ந்தது. நிழலில் வைத்த பாத்திரத்தின் குளிர்ச்சி இல்லை. மண்பானையின் அடியைத் தொட்டால் வருமே, அந்தக் குளிர்ச்சி. கைப்பிடிச் சுவர் கொதித்தது. செருப்பில்லாமல் நிற்க முடியாத தரை. நடுவில் இந்தத் தகடு மட்டும் வேறு எங்கோ இருப்பது மாதிரி கிடந்தது.

பெட்டியைத் தூக்கி அடியில் ஐஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒயர் ஏதாவது போகிறதா என்று பார்த்தேன். அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேடுங்க, தேடுங்க. வர்றவங்க எல்லாருமே மொதல்ல அடியிலதான் பாப்பாங்க."

"சூடு எங்க போகுது?"

ஒற்றை விரலால் மேலே காட்டினார்.

மார்ச் 13, வியாழன்

என்னுடைய தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். இன்றும் அதே.

மார்ச் 19, புதன்

எனக்குப் புரிந்த அளவில் எழுதி வைக்கிறேன். எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாமல் சூட்டை வெளியே வீசிக்கொண்டே இருக்கிறது. பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுத்து நமக்கே திருப்பிவிடுகிறது. ஆனால் அதில் ஓர் ஒடுக்கமான சன்னல் உண்டு. அந்த வகைச் சூடு மட்டும் எதிலும் முட்டாமல் காற்றைத் தாண்டிப் போய்விடும். இவருடைய பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. தன் சூட்டை அந்தச் சன்னல் வழியாக வெளியேற்றுகிறது. நிலவையும் தாண்டி, ஒன்றுமே இல்லாத இருட்டுக்கு.

பூச்சு எதில் செய்தது என்று கேட்டேன். முட்டை ஓடு! நாமக்கல்லில் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிற முட்டை ஓட்டைப் பொடித்து, சலித்து, ஏதோ பசையில் கலக்கியிருக்கிறார்.

பிளாஸ்டிக் கவர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, காற்று படாமல் இருக்கத்தானே, கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றேன்.

"கண்ணாடி வேண்டாம். நமக்குத்தான் அது வழியா வானம் தெரியும், தகட்டுக்குத் தெரியாது. அந்தச் சூட்டக் கண்ணாடி மறிச்சிடும், கவர் மறிக்காது. எனக்கு ஏசி வேண்டாம், புது மெஷின் வேண்டாம். இதுக்கு வானம் தெரியணும், அவ்வளவுதான்."

அதிலும் வில்லங்கம் இருக்கிறது. ஜூனில் அந்த மாடி முழுக்கச் சோலார் பலகை வரப்போகிறது. பதிவாளர் அலுவலகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: ஏதாவது ஒரு கம்பெனி கையெழுத்துப் போட்டால் மாடி ஜெபசெல்விக்கு, இல்லையென்றால் மே மாதத்தோடு பெட்டியை எடுத்துவிட வேண்டும். வேறு மாடிகளில் தண்ணீர்த் தொட்டி, டவர், மரநிழல். எட்டு வருட வேலை ஒரு துண்டு வானத்துக்காக நிற்கிறது.

கம்பெனியைப் பிடிக்க வேண்டியவன் நான்.

மார்ச் 27, வியாழன்

காலையில் சண்டை. நாளை கல்லூரி மாணவர்கள் நூறு பேருக்கு மாடியில் செய்து காட்டப்போவதாகச் சொன்னார். காப்புரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை!

"மேடம், ஊருக்கெல்லாம் காட்டிட்டா அப்புறம் அது புதுசு இல்ல. காப்புரிமை கிடைக்காது. கம்பெனிக்காரன் சும்மா எடுத்துக்குவான்."

"பிள்ளைங்க கிட்ட இத எப்படிச் சொல்லாம இருக்க முடியும்? நீங்க தொட்ட அன்னிக்கு உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. காப்புரிமைக்கான முதற்கட்ட விண்ணப்பப் படிவத்தை எதிரில் வைத்து, ஒரே மூச்சில் உட்கார வைத்து எழுதி வாங்கினேன். இன்னும் ஒரு ரீடிங் என்று ஆரம்பித்தார். முடியாது என்றேன். மாலையில் அனுப்பியாயிற்று.

வரும்போது மோர் பாக்கெட் வாங்கினேன், இரண்டு. நாளைக்கும் மாடிக்குத்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கூரைத் தகடு செய்யும் ஆறு கம்பெனிக்குப் போனேன். மூன்று இடத்தில் வாட்ச்மேனைத் தாண்டவில்லை. நாமக்கல் சாலையில் பொன்னுரங்கம் என்பவர் மட்டும் உட்காரச் சொன்னார். வெள்ளை வேட்டி, அறுபது வயது, பேச்சில் அவசரமே இல்லை. எனக்குத்தான் காலை ஆட்டாமல் உட்கார முடியவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, கோழி போட்ட ஓட்டையே கோழிக்குக் குடையாப் புடிக்கறேங்கறீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"எந்தம்பி கோழிப்பண்ணை வெச்சிருக்கறானுங்க. கத்திரி வெயில்ல தகரத்துக்கடியில ஒரே மத்தியானத்துல அத்தனையும் வாயத் தொறந்துக்கிட்டு உழுந்துரும். போன வருஷம் குழி தோண்டுன அன்னிக்கு அவன் சோறு திங்கல. ஃபேன் போட்டான், தண்ணி தெளிச்சான். கரன்ட்டு போச்சுன்னா எல்லாம் போச்சுங்க."

"இதுக்குக் கரன்ட்டே வேண்டாங்க."

"எல்லாருமே அப்பிடித்தானுங்க வந்து சொல்றாங்க. நா வந்து கைய வெச்சுப் பாக்கறேன். குளுந்தாக் கையெழுத்து. குளுரலீன்னா ஒரு காப்பியக் குடிச்சுப்போட்டு வந்தர்றேன்."

இருபத்து மூன்றாம் தேதி வருகிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை. மெஸ் பூட்டு. தயிர்சாதம் பொட்டலம். என் அறைக்கு மேல் சிமென்ட் ஷீட். படுக்கை அடுப்பு மாதிரி இருக்கிறது. பெங்களூரு ஆணை மின்னஞ்சலில் வந்திருக்கிறது. சம்பளம் இங்கே கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மே எட்டுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

நிறைய நாள் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளைக்கான ஏற்பாடு. சிதம்பரநாதன் சாருக்குச் சால்வை, சந்தனம், பூங்கொத்து, நினைவுப் பரிசு, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் வேண்டும். தொடுவதற்கு ஒரு நிமிடம் போதும். பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். மற்றதில் நான் தலையிடவில்லை. ஒன்று மட்டும் நானாகச் செய்தேன். அறுபது வயது மனிதரை உச்சி வெயிலில் நிறுத்த முடியாது. மாடியில் பந்தல் போடச் சொல்லி ஷாமியானாக்காரருக்கு ஃபோன் செய்தேன். சிவப்பு, மஞ்சள் பட்டை போட்ட துணி, ஓரத்தில் குஞ்சம். சார் என் தோளில் தட்டினார்: "இப்பத்தான் நீங்க நம்ம யுனிவர்சிட்டி ஆளு."

ஏப்ரல் 23, புதன்

நடந்தது நடந்தபடி.

காலையிலேயே பந்தல் போட்டுவிட்டு ஷாமியானாக்காரர்கள் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பந்தலுக்கு நடுவில் மேசை, வெள்ளை விரிப்பு, பூ ஜாடி. மேசைமேல் இரண்டு பெட்டியை நானே தூக்கி வைத்தேன். ஒன்றில் வெறும் தகரம், ஒன்றில் பூசிய தகரம். ஜெபசெல்வி பக்கத்தில் இல்லை. பெண் பேராசிரியர் வரவேற்றால்தான் நன்றாக இருக்கும் என்று சார் அவரைச் சந்தனத் தட்டோடு வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

பொன்னுரங்கம் வந்தார். சால்வை. பூங்கொத்து. வரவேற்புரையில் சார் சங்ககாலத்தில் ஆரம்பித்து மெதுவாக வந்துகொண்டிருந்தார். பொன்னுரங்கம் சால்வையை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "தொட்டுப் பாத்துடலாங்க" என்றேன். சார் பாதி வாக்கியத்தில் நின்றார்.

பொன்னுரங்கம் ஒரு பெட்டியில் கை வைத்தார். அடுத்ததில் வைத்தார். மறுபடியும் முதலாவதில்.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது."

நான் வைத்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வெதுவெதுப்பாக.

ஜெபசெல்வி வந்து தொட்டார். கையை எடுக்கவே இல்லை. கவர் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். தெர்மாமீட்டரைக் கழற்றி மாட்டினார். "நேத்துகூட இருந்துச்சே... நேத்துகூட..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ, "ஆராய்ச்சின்னா அப்பிடித்தான்" என்று மெல்லச் சிரித்தது கேட்டது.

பொன்னுரங்கத்துக்குக் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பரவால்லீங்கம்மா, நீங்க இன்னும் பண்ணிப் பாருங்க. நா காப்பி குடிச்சுட்டுக் கெளம்பறேன்" என்று செருப்பைத் தேடினார்.

நான் பெட்டிமேல் குனிந்து நின்றிருந்தேன். உச்சந்தலை சுட்டது. நிழலில் நிற்கிறேன், தலை ஏன் சுடுகிறது? மேலே பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். வெயிலில் காய்ந்த துணி கீழே சூட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. என் தலைமேல், மேசைமேல், தகட்டின்மேல்.

இதுக்கு வானம் தெரியணும்.

கண்ணாடி என்றபோது புரிந்தது எனக்கு. பந்தல் என்றபோது புரியவில்லை. நிழல் என்றால் குளிர்ச்சி என்று வெப்பப் பொறியியல் படித்த முட்டாள் நினைத்திருக்கிறேன்.

"பந்தலப் பிரிங்க!" என்று கத்தினேன்.

"விருந்தாளி உக்காந்திருக்காரு, பரணி!" என்றார் சார்.

பிரிக்க ஆள் இல்லை. நானே மூங்கிலைக் கட்டிப்பிடித்து ஏறி முடிச்சை அவிழ்த்தேன். அவிழவில்லை, பல்லால் இழுத்தேன். எதிர் மூலையில் ஜெபசெல்வி புடவையைச் செருகிக்கொண்டு நாற்காலிமேல் ஏறியிருந்தார். அவருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. மூன்றாவது மூலையில் பொன்னுரங்கத்தின் டிரைவர். துணி தொப்பென்று விழுந்து பூ ஜாடி, நினைவுப் பரிசு, முன்வரிசை எல்லாவற்றையும் மூடியது. அடியிலிருந்து சார் நன்றியுரை சொல்லாமல் வெளியே வந்தார்.

வெயில் அறைந்தது. எல்லோரும் படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள். பொன்னுரங்கம் ஓடவில்லை. சால்வையை எடுத்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். சார் கொடுத்த சால்வைகளில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

"எத்தன நேரமுங்க?"

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது எனக்கே விநோதமாக இருந்தது.

காத்திருந்தோம். வெறும் தகரத்தை முதலில் தொட்ட பொன்னுரங்கம் கையை உதறினார். அடுத்த பெட்டிக்குள் மெதுவாகக் கையை விட்டார். வைத்தபடியே நின்றார். பிறகு குனிந்து, அந்த வெள்ளைத் தகட்டில் கன்னத்தை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கீங்க போகுது இந்தச் சூடு?"

"மேலங்க" என்றார் ஜெபசெல்வி. "மேகம், நிலா எல்லாம் தாண்டி."

"அங்க என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமே இல்லீங்க. அதனாலதான் அவ்வளவு குளிரு."

அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெளுத்த, சாதாரண, சேலத்து மத்தியான வானம். பிறந்ததிலிருந்து என் தலைக்கு மேல்தான் இருக்கிறது. இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றியது.

ஏப்ரல் 24, வியாழன்

கையெழுத்து ஆகவில்லை. பொன்னுரங்கம் சொன்னது: "கை குளுந்துது, ஒத்துக்கறேன். ஆனா கோழி ஒத்துக்கோணும். தம்பி கொட்டகையில பாதிக் கூரைக்கு அடிங்க. கத்திரியில பாக்கலாம். கோழி பொழச்சுதுன்னா கையெழுத்து அங்கியே."

ஜெபசெல்வியிடம், பந்தல் என் யோசனைதான் என்று சொன்னேன்.

"எட்டு வருஷமா அந்தத் தகட்டுக்கு மேல எதுவுமே இருந்தது கிடையாது. அதான் எனக்கும் தோணல. அடுத்த வருஷம் பாடத்துல சொல்லப்போறேன், பாத்துக்கிடுங்க. உங்க பேரு போட்டு."

"என் பேரு வேண்டாம்."

"அப்ப சிவப்பு மஞ்சள் பந்தல்னு சொல்றேன்."

சிரித்தார். என் பல்லில் இன்னும் கயிற்று நார் சிக்கியிருக்கிறது.

மே 3, சனி

பாதிக் கூரை அடித்து முடித்தோம். முட்டை ஓடு ஏழு மூட்டை. மீதிப் பாதிக்கு வேண்டிய பொடியும் பசையும் கொட்டகை ஓரத்திலேயே இருக்கின்றன. முழங்கை வரை வெள்ளை, தேய்த்தாலும் போகவில்லை. நாளை கத்திரி தொடக்கம்.

மே 6, செவ்வாய்

கோழிகள் சும்மா இருக்கின்றன. மேகமூட்டம். மேகமும் ஒரு பந்தல்தான், அன்றைக்குச் சூடு அவ்வளவாகப் போகாது என்கிறார் ஜெபசெல்வி. வாழ்க்கையில் முதல்முறையாக வெயில் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பெங்களூருக்கு நாளைக்கு எழுதிவிட வேண்டும்.

மே 8, வியாழன்

காலையிலேயே தெரிந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

பகல் பன்னிரண்டுக்குப் பொன்னுரங்கத்தின் தம்பி ஃபோன் செய்தார். "ஏனுங்க, ஒடனே வாங்க. இங்க என்னமோ ஆயிப்போச்சுங்க!" செத்துவிட்டன என்றுதான் நினைத்தேன். ஜெபசெல்வி வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கையைக் கையோடு இறுக்கிக்கொண்டிருந்தார். மின்சாரம் வேறு இல்லை. கொட்டகையின் ஃபேன்கள் எல்லாம் நின்றிருந்தன.

கம்பிவலைக் கதவுக்குப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் நின்றிருந்தார்கள். உள்ளே பார்த்தேன்.

தரையில் விட்டு வளர்க்கும் கோழிகள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். பூசாத பாதிக்கு அடியில் வெறும் உமித் தரை; தீவனம் தட்டு நிறைய அப்படியே இருந்தது; ஒரு கோழிகூட இல்லை. அத்தனையும் பூசிய பாதிக்கு அடியில். மேலே வெள்ளை எங்கே முடிகிறதோ, கீழே சரியாக அங்கே முடிந்தது கோழிக் கூட்டம். ஆள் வைத்து வரிசை கட்டியதுபோல ஒரு விளிம்பு. வாயைப் பிளக்கவில்லை. சில மண்ணைக் கிளறின. சில உட்கார்ந்து தூங்கின. யார் அவற்றுக்கு வானத்தைப் பற்றிச் சொன்னது?

ஜெபசெல்வி வலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்னும் ஒரு ரீடிங் என்று அவர் சொல்லவில்லை.

பொன்னுரங்கம்தான் முதலில் அசைந்தார். "கோழி கையெழுத்துப் போட்டுருச்சுங்க. பேனாவக் குடுங்க, நானும் போட்டர்றேன்."

"கையெழுத்து அப்பறம்ணா" என்றார் தம்பி. "இப்பிடி அப்பிக்கிட்டு நின்னா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நசுங்கிருமுங்க. மீதிப் பாதிக்கும் இப்பவே அடிச்சாகோணும்."

அடித்தோம். கூரை விளிம்பில் ஏணி போட்டு நானும் டிரைவரும் மேலே. ஜெபசெல்வி கீழே வாளியில் கலக்கிக் கொடுத்தார். தகரம் கொதித்தது. சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் முட்டிபோட்டு நகர்ந்தேன். பூசப் பூசப் பின்னால் வெள்ளை காய்ந்துகொண்டே வந்தது.

பாதி முடிந்திருக்கும்போது சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. பெங்களூரு எண். பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள். கை இரண்டும் வெள்ளை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"யாரு, எடுக்கலையா?" என்று கீழேயிருந்து ஜெபசெல்வி கேட்டார்.

"அடுத்த வாளியக் குடுங்க" என்றேன்.

கடைசித் தகடு வரை போனோம். இறங்குவதற்கு முன், மத்தியானம் வெறும் தகரமாகக் கொதித்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். பழக்கம்தான். இருந்தாலும் இன்றும் உடம்பு சிலிர்த்தது. எனக்குக் கீழே அத்தனை உயிர்களின் சூடும் என் கை வழியாக இல்லாமல், என்னைக் கேட்காமல், என்னைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒன்றுமே இல்லை.

கீழே கோழிகள் ஒவ்வொன்றாக எழுந்து, அந்த விளிம்பைத் தாண்டி, காலியாகக் கிடந்த பாதிக்கு நடக்க ஆரம்பித்திருந்தன.

மே 9, வெள்ளி

பொன்னுரங்கம் நேற்று மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டார். மாடி ஜெபசெல்விக்கு. பதிவாளர் அலுவலகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. சார் பாராட்டு விழா வைக்கிறாராம். மாடியில்தான், ஆனால் பந்தல் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மோர் பாக்கெட், இரண்டு. மீதிப் பூச்சில் என் அறைக் கூரைக்கு அரை வாளி ஜெபசெல்வியிடம் கேட்க வேண்டும். அடுத்த கோடைக்கும் தாங்கும் என்கிறார்.